மண்ணுக்கு அடியில் ஓர் அறை

பட்டறையில் அவளுக்குச் சருகக்கா என்று பேர். யார் வைத்த பேர் என்று கேட்டால் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைக் கை காட்டுவார்கள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவை எடுக்க அவள் பையைத் திறந்தால், டப்பாவுக்கு முந்திக்கொண்டு காய்ந்த இலை, உரிந்த மரப்பட்டை, வெடித்துப்போன ஏதோ ஒரு விதைக்கூடு என்று வெளியே வந்து விழும். வேலைக்கு வரும் வழியில் பொறுக்கியவை. வீடு திரும்பும்போது பை இன்னும் கொஞ்சம் கனத்திருக்கும்.

"இதெல்லாம் சேத்து என்னக்கா பண்ணப் போறீங்க?" என்று முதலாளி ஒருநாள் கேட்டார். அவளைவிட வயதில் சின்னவர், அதனால் அக்கா.

"தெரியல. கீழ விட்டுட்டு வர மனசு வரல."

அந்தப் பட்டறையில் கார், லாரி, பஸ் எல்லாவற்றுக்கும் சீட் தைப்பார்கள். தடித்த ஊசி போட்ட மெஷினில் இரண்டு மடிப்பு ரெக்ஸினை வளைவு பிசகாமல் ஓட்டுவதில் அவளுக்குக் கை நன்றாக ஓடும். கல்யாணமான புதிதில் சேர்ந்தவள். மகள் பிறந்து, படித்து, வேலைக்குப் போய், வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டும் போயாயிற்று. இவள் அதே மெஷினில் உட்கார்ந்திருந்தாள். அதில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. கை வேலையில் இருக்கும்போது மனசு அது பாட்டுக்கு எங்கேயோ சுற்றிவிட்டு வரும். அந்தச் சுற்றலுக்காகவே அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு புயல் மழைக்கு மறுநாள் காலையில் தெருக்கோடியில் பெரிய மரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. தெருவே திரண்டு நின்றது. நசுங்கிப்போன காரைப் பார்த்து எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். கார்க்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். சருகக்கா மட்டும் மரத்தின் மறுபக்கம் போனாள்.

வேர்மூடு மண்ணோடு பெயர்ந்து, அவள் புருஷனைவிட உயரமாக, சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது. விரல் தடிமனில், நூல் தடிமனில், தொடை தடிமனில் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து ஓடிய வேர்கள். நடுவே ஒரு கல்லை ஐந்து வேர்கள் சேர்ந்து பொத்திப் பிடித்திருந்தன. இன்னொரு இடத்தில் எந்தக் காலத்திலோ யாரோ தொலைத்த கரண்டி ஒன்றை வேர் பாதி விழுங்கியிருந்தது. வெள்ளைப் பூஞ்சை இழைகள் பாலாடைபோல் மண்ணில் படர்ந்திருந்தன. வெளிச்சம் படாத வண்டுகள் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தடுமாறின. இத்தனை வருஷமாக இந்த வீட்டின் கூரைமேல்தான் நடந்து போய்க்கொண்டிருந்தோமா என்று அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. நகராட்சி ஆட்கள் ரம்பத்தோடு வந்து, "தள்ளி நில்லுங்கம்மா" என்று மூன்றாவது தடவை அதட்டிய பிறகுதான் நகர்ந்தாள்.

அன்றைக்குப் பட்டறையில் ஒரு சீட்டை உட்புறம் வெளிப்புறமாகத் தைத்து வைத்தாள். அவள் கையில் அப்படி ஒரு தப்பு நடந்து யாரும் பார்த்ததில்லை.

அந்த வேர்ச்சுவர் அவளை விடவில்லை. கண்ணை மூடினால் அதுதான். வாய்விட்டுச் சொல்லவும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளின் அறைக்குள் போனாள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு அது துணி காயப்போடவும் இஸ்திரி போடவும் மட்டுமே பயன்பட்டது. பட்டறையில் மிஞ்சிய ரெக்ஸின் துண்டுகளைக் கம்பியில் சுற்றி, உத்தரத்தில் கொக்கி அடித்து நாலைந்தைத் தொங்கவிட்டாள்.

டூட்டி முடிந்து வந்த புருஷன் எட்டிப் பார்த்தார். அவர் பஸ் டிரைவர். அதிர்ந்து பேசாத மனுஷன், ஆனால் வாயைத் திறந்தால் ஒரு குத்தல் இல்லாமல் மூடமாட்டார்.

"யாரோட பேன்ட்டு இதெல்லாம்?"

அவள் ஏறிட்டுப் பார்த்தாள். சொன்னதற்கு அப்புறம் அவளுக்கும் பேன்ட்டாகவே தெரிந்தது. இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவள் எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டாள்.

பளபளப்புதான் கெடுக்கிறது என்று புரிய ஒரு வாரம் ஆனது. ரெக்ஸினைத் திருப்பிப் போட்டால் அடியில் மங்கலான துணி இருக்கிறது. அதை வெளிப்பக்கமாக வைத்துக் கம்பியில் முறுக்கி, மெழுகுவர்த்தியில் லேசாகப் பொசுக்கி, பசை தடவி, சலித்த மண்ணிலும் மரத்தூளிலும் புரட்டி எடுத்தாள். காய்ந்ததும் கையில் எடுத்துப் பார்த்தாள். வேர். சந்தேகமே இல்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கும் அறைக்கும் இரண்டு தடவை நடந்தாள். சொல்ல ஆள் இல்லை, புருஷன் டூட்டியில் இருந்தார்.

பிறகு அது வளர்ந்தது. உத்தரத்திலிருந்து இறங்கிச் சுவரில் படர்ந்து, இரும்பு பீரோவைச் சுற்றிக்கொண்டது. ஜன்னலைக் கறுப்பு ரெக்ஸினால் மூடினாள். உடைந்த பஸ் விளக்குகளின் சிவப்பு, மஞ்சள் சில்லுகளுக்குப் பின்னால் குட்டி பல்புகளைப் புருஷன் மாட்டிக் கொடுத்தார். ஒரு மெல்லிய குழாயிலிருந்து தகரக் கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும்படி செய்தாள். தட்டில் மண்ணைப் பரப்பித் தினமும் காலையில் ஈரப்படுத்துவாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்றால் மழை ஓய்ந்த மண்ணின் வாசனை வரும்.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. அந்த மரத்தின் நிஜ வேர் ஒன்றை ஆசையாகக் கொண்டுவந்து வைத்தாள். அதோடு கரையானும் வந்து கதவு நிலையை அரித்தது.

"மரம் விழுந்தது தெருவுல. இப்ப கதவு விழப் போகுது வீட்டுல" என்றார் புருஷன். அந்த ஒரு தடவை அவர் குரலில் கேலி இல்லை. மருந்து அடித்து, நிலையை மாற்றி, இரண்டு நாள் பேசாமல் இருந்து, பிறகுதான் சமாதானமானார்கள். அதற்கப்புறம் வெளியிலிருந்து எதை எடுத்து வந்தாலும் சோப்புத் தண்ணீரில் வேகவைத்து, வெயிலில் காயவைத்துத்தான் உள்ளே கொண்டுபோவாள்.

வேர்கள் அவள் கண்ணால் கண்டவை. அவற்றுக்கு நடுவே குடியிருந்தது மட்டும் அவள் மனசிலிருந்து வந்தது. மிச்சமான ஸ்பாஞ்சையும் பழுப்புத் துணியையும் வைத்து ஒரு பிராணி செய்தாள். கண் கிடையாது. காது மட்டும் இரண்டு கிண்ணம் கவிழ்த்தாற்போல். முதுகில் பழைய ஜிப்பின் பற்களை வரிசையாகத் தைத்தாள். கீழ்வாசி என்று பேர் வைத்தாள்.

"இது என்ன சாப்பிடும்?" என்றார் புருஷன், மகளின் பழைய கட்டிலில் மல்லாந்தபடி.

அவள் யோசிக்காமலேயே சொன்னாள். "மேல நாம நடக்கிற சத்தத்த."

அவர் கொஞ்ச நேரம் உத்தரத்தைப் பார்த்தார். "அப்ப நம்ம தெருவுல இது நல்லா குண்டா இருக்குமே."

மறுநாளே பிரித்து இன்னும் ஸ்பாஞ்ச் அடைத்தாள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

டூட்டி முடிந்து வந்ததும் அந்தக் கட்டிலில் போய்ப் படுப்பதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார். நாளெல்லாம் ஹாரன் கேட்ட காது சொட்டுத் தண்ணீர் சத்தத்தில் அடங்கும். பேச்சு நடுவிலேயே தூங்கிவிடுவார். நல்லா இருக்கிறது என்று அவர் வாயால் சொன்னதே கிடையாது. அவர் குறட்டையையே அவள் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

வேறு யாருக்கும் அவள் காட்டவில்லை. ஒருநாள் அவருடைய தங்கை வந்தவள், பையை வைக்க இடம் தேடி அந்தக் கதவைத் திறந்துவிட்டாள்.

"என்ன அண்ணி இது. வீட்டுக்குள்ள எலி வளை கட்டி வச்சிருக்கீங்க."

"சும்மா, பொழுது போகலன்னு."

"பொழுது போகலன்னா டிவி பாக்கணும். ஈரம் வேற அடிக்குது, சுவரு என்னத்துக்காகும்? நாளைக்குப் பொண்ணு வந்தா எங்க படுப்பா?"

"அவ எங்க வரப் போறா" என்றாள் இவள், பேச்சை முடிக்கும் அவசரத்தில்.

மகளுக்கு அவள் இதைப் பற்றிச் சொல்லவே இல்லை. சொல்லக் கூடாது என்று இல்லை. வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசுவார்கள். சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு, மாப்பிள்ளை நல்லா இருக்காரா. எல்லாத்துக்கும் நல்லா இருக்கு என்று பதில் வரும். உன் அறையில் மண்ணுக்கு அடியில் ஓர் உலகம் பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று அந்தப் பேச்சுக்கு இடையில் எங்கே நுழைப்பது? சிரித்துவிடுவாள் என்று பயமாகவும் இருந்தது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டாள். அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. புருஷனுக்கு டூட்டி. அவள் கையெல்லாம் பசையோடு ஸ்டூலில் ஏறி நின்றிருந்தபோது வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் மகள். இரண்டு பெரிய பைகள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"என்னடா, சொல்லாம கொள்ளாம?"

"சும்மாதான்மா. தலை வலிக்குது. கொஞ்சம் படுத்துக்கறேன்."

தாய்க்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "இரு, ஹால்ல படுத்துக்கோ, நான் வந்து…" என்று பின்னாலேயே போவதற்குள் மகள் தன் அறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

இருட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு வெளிச்சத்தில் வேர்கள் தொங்கின. மகள் உள்ளே போகவில்லை, வெளியேயும் வரவில்லை. நிலைப்படியிலேயே நின்றாள். கடைசியில் கேட்டாள்.

"என் ரூம் எங்கம்மா?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அவள் நிஜமாகவே தெரியாமல் கேட்பதுபோல் கேட்டாள். இவள் பசை ஒட்டிய விரல்களை முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். பசை போகவில்லை. மகள் பைகளை இழுத்துக்கொண்டு போய் ஹாலில் சோபா ஓரமாக வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் புருஷன் வந்தார். பைகளைப் பார்த்தார், மகளின் முகத்தைப் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அதற்கே மகள் உடைந்து அழுதாள். விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அடி உதை என்று ஒன்றும் இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு மாப்பிள்ளையும் அவளும் மாதக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறார்கள். அவனுக்கு வேறு நினைப்பு. இவளுக்கு அந்த வீட்டில் மூச்சு முட்டிப் போயிற்று. திரும்பிப் போவதாக இல்லை.

மறுநாள் சருகக்கா பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, கொறட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். ஜன்னல் ரெக்ஸினைக் கிழித்தாள். வெயில் உள்ளே வந்து விழுந்ததும் வேர்களெல்லாம் வெளிறி, துணியும் பசையுமாகப் பல்லைக் காட்டின. அவள் பார்க்காமல் இருக்க முயன்றபடி ஆணிகளைப் பிடுங்கினாள்.

ஹாலில் இருந்த மகள் எழுந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள். "நான் ஒண்ணும் கழட்டச் சொல்லலயே."

"சொல்லணுமா? உன் ரூம்."

"என் ரூமுன்னு இப்பதான் ஞாபகம் வந்துச்சா?"

சுருக்கென்று தைத்தது. கொறட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நீ இனிமே வரவே மாட்டேன்னு நெனச்சு நான் இதப் பண்ணல. நீ அங்க சந்தோஷமா இருக்கேன்னு நெனச்சுப் பண்ணேன்."

மகள் சுவரில் ஒட்டியிருந்த வேர் ஒன்றை நகத்தால் சுரண்டினாள். மண் உதிர்ந்தது.

"ஒரு தடவகூட வாயத் தொறக்கலயே நீ. போன்ல எல்லாத்துக்கும் நல்லா இருக்கேன்னே. ஏன் சொல்லல?" என்றாள் தாய்.

"நீ ஏன் இதச் சொல்லல?"

"நீ சிரிப்பேன்னு."

"நீ அழுவேன்னு."

தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். மகள் மெதுவாக உள்ளே வந்தாள். கட்டிலுக்கு அடியில் இருந்த கீழ்வாசியைப் பார்த்து, குனிந்து, இரண்டு கையாலும் தூக்கினாள்.

"இது ஏன் இவ்ளோ குண்டா இருக்கு?"

"அது உங்கப்பா வேலை."

கதையைக் கேட்டதும் அவள் சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. சிரித்தபடியே அந்தப் பிராணியின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று தாய்க்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

அன்று மத்தியானம் மகள் அந்த அறையிலேயே படுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்துவிட்டாள்.

"நெஜமாவே நல்லா இருக்கும்மா. எனக்கு இப்ப ஜன்னல் வேணும், அவ்ளோதான். ஆனா இதத் தூக்கி மட்டும் போட்டுடாத."

தூக்கிப் போடாமல் எங்கே வைப்பது? மூன்று பேரும் சாப்பிடும்போது அதே பேச்சு. புருஷன் தட்டைப் பார்த்தபடி சொன்னார். "டிப்போ பின்னாடி ஒரு பஸ் நிக்குது. இன்ஜினக் கழட்டியாச்சு. ஏலத்துக்கு எழுதி வச்சிருக்காங்க, எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. கேட்டுப் பாக்கறேன்."

டிப்போ மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தாராம்.

"அந்த வண்டில என்ன பண்ணப் போறீங்க?"

"என் சம்சாரம் வேர் வைக்கணும்ங்கறாங்க சார்."

"செடியா?"

"இல்ல சார். வேர் மட்டும்."

மேனேஜர் தலையைச் சொறிந்தார். இருபது வருஷம் ஒரு சின்ன உரசல்கூட இல்லாமல் வண்டி ஓட்டியவர், பைத்தியம் பிடித்தவராகவும் தெரியவில்லை. வெளியே பெயின்ட் அடிக்கக் கூடாது, ஓட்டை போடக் கூடாது, ஏலம் என்றால் மறுபேச்சில்லாமல் காலி பண்ண வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

சாக்குச் சாக்காகக் கட்டி ஒரு சின்ன வேனில் ஏற்றினார்கள். வீட்டைக் காலி பண்ணுகிறார்களோ என்று பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். சருகக்கா எல்லாவற்றையும் பஸ்ஸுக்குள் கொட்டிப் பார்த்தாள். பாதி உடைந்திருந்தது. மீதியும் அந்த அறையின் உத்தரத்துக்கு, அந்தச் சுவருக்கு என்று அளந்து பிறந்தவை. இந்த வளைந்த தகரக் கூரையில், நீண்டு ஒடுங்கிய இடத்தில், எதுவும் எதோடும் ஒட்டவில்லை. குப்பை மாதிரி கிடந்தது. நாத்தனார் சொன்னது சரிதான் என்று பட்டது.

சாப்பாடு கொண்டுவந்த மகள் படியேறி வந்து பார்த்தாள். அம்மா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ வெறித்திருந்தாள். மகள் ஒரு ஜன்னல் சீட்டில் போய் உட்கார்ந்தாள். புழுதி படிந்த கண்ணாடியை விரலால் துடைத்தாள்.

"சீட்டக் கழட்டணும்னா நெனச்சிருக்கே?"

"பின்ன, எடம் வேணாமா?"

"வேணாம்மா. சீட்டு இருக்கட்டும். நின்னு பாத்தா ரெண்டு நிமிஷத்துல எறங்கிப் போயிடுவாங்க. உக்காந்து பாக்கட்டும். வண்டி மண்ணுக்குள்ள போற மாதிரி."

சருகக்கா திரும்பினாள். முன்படியிலிருந்து பின்சீட்டு வரைக்கும் பார்வையை ஓட்டினாள். வாய் தானாகப் பேசியது. "முன்னாடி மேல் மண்ணு. இலை, சருகு, புல்லு வேரு. பின்னாடி போகப் போக ஆழம்."

"ஒவ்வொரு ஜன்னலும் ஒரு அடுக்கு" என்றாள் மகள்.

சாப்பாடு ஆறிப்போனது. யாரும் தொடவில்லை.

அதற்கப்புறம் பட்டறை நேரம் போக மீதி நேரமெல்லாம் பஸ்ஸில்தான். வேலை தேடிக்கொண்டிருந்த மகளுக்கும் வீட்டில் உட்கார்ந்திருப்பதைவிட அது தேவலையாக இருந்தது. ஒவ்வொரு ஜன்னல் கண்ணாடியிலும் உள்பக்கமாகத் தெரியும்படி ஓர் அடுக்கை ஒட்டினார்கள். முதலில் மக்கிய இலைகளும் விதைக்கூடுகளும். அடுத்தது செம்மண்ணில் எறும்புப் பாதைகள், உப்புத்தாளை வெட்டிச் செய்தவை. பிறகு கூழாங்கற்கள். அதற்கும் பின்னால் நீரோட்டம், கண்ணாடிச் சில்லுக்குப் பின்னால் நீல விளக்கு. அதற்கும் கீழே சிப்பிகளும், எந்த மிருகத்துடையது என்று தெரியாத எலும்புகளும். எலும்புகளை அவள் காகிதக் கூழில் செய்தாள். அப்படி ஒரு விலா எலும்பு உலகத்தில் எந்த மிருகத்துக்கும் இருக்க முடியாது என்று மகள் சொன்னாள். "இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்" என்றாள் தாய்.

சீட்டுகள் அவளுடைய ராஜ்ஜியம். ஒவ்வொன்றையும் பிரித்து மறுபடி தைத்தாள். முன்வரிசை பாசி பிடித்த மரப்பட்டை மாதிரி. நடுவரிசைகளில் கைப்பிடியிலிருந்தே காளான்கள் முளைத்து நின்றன. உட்கார்ந்தால் மெத்தென்று உள்வாங்கி, மண்ணே ஆளை ஏந்திக்கொள்வதுபோல் இருக்கும்படி ஸ்பாஞ்சை அடுக்கினாள். முதலாளி ஒருநாள் பார்க்க வந்தவர் ஒரு சீட்டில் உட்கார்ந்தார், எழுந்தார், அடுத்த சீட்டில் உட்கார்ந்தார். "நம்ம பட்டறைல இப்படி ஒண்ணுகூட நீங்க தச்சதில்லயே அக்கா" என்றார், கொஞ்சம் பொறாமையாக.

கடைசி வரிசையில்தான் தாய்க்கும் மகளுக்கும் முட்டிக்கொண்டது. கீழ்வாசி அங்கே கும்மிருட்டில் இருக்க வேண்டும், கையால் தடவித்தான் அறிய வேண்டும் என்றாள் தாய். பயந்து கத்துவார்கள், சின்னதாக ஒரு விளக்காவது வேண்டும் என்றாள் மகள். வீட்டிலும் சண்டை, பஸ்ஸிலும் சண்டை.

"அப்பா, நீங்க சொல்லுங்க."

"நான் டிரைவர். எனக்கு முன்பக்கம் மட்டும்தான்" என்று அவர் நழுவிவிட்டார்.

முடிவில் இருட்டு ஜெயித்தது. ஆனால் ஒருநாள் சருகக்கா அந்த இருட்டில் பிராணியைச் சரிபண்ணக் கை வைத்தவள், வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அது மூச்சு விட்டது. வயிறு மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது. காற்று மெத்தைக்கு அடிக்கும் சின்ன பம்பு ஒன்றை மகள் சொல்லாமல் உள்ளே வைத்துத் தைத்திருந்தாள். தாய் மறுபடி கையை வைத்தாள். சூடு மட்டும்தான் இல்லை.

"தையல் கோணலா இருக்கு" என்றாள்.

"இருட்டுல யாருக்குத் தெரியும்?" என்றாள் மகள்.

முதலில் ஏறியவர்கள் டிப்போ மெக்கானிக்குகள். அப்புறம் ஒரு கண்டக்டர். ஊரறிந்த வாய்க்காரர். "டிக்கெட், டிக்கெட், பாதாளம் போறவங்கல்லாம் முன்னாடி வாங்க" என்று கூவிக்கொண்டே ஏறினார். நடுவரிசை தாண்டியதும் குரல் நின்றுவிட்டது. வெகுநேரம் கழித்துப் பின்படி வழியாக இறங்கி, கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"அது மூச்சு விடுது" என்றார், சருகக்காவுக்குத் தெரியாத விஷயத்தைச் சொல்வதுபோல். மறுநாள் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். படியில் கை கொடுத்து ஏற்றும்போது, "பேசாம பாரு, நான் எதுவும் சொல்லமாட்டேன்" என்றார். சொல்லவும் இல்லை.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் டிப்போ ஆட்களின் குடும்பங்கள் வர ஆரம்பித்தன. அவர்கள் சொல்லி, சம்பந்தமே இல்லாதவர்களும் வந்தார்கள். மேனேஜர் ஒருநாள் எல்லோரும் போன பிறகு தனியாக ஏறி, எலும்பு ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நாத்தனாரும் வந்தாள். முட்டி வலியோடு படியேறி, ஒரு காளான் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தவள், கூட்டம் இரண்டு தடவை மாறியும் எழவில்லை.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் அண்ணன்.

"காலுக்கு எதமா இருக்கு" என்றாள். எலி வளை பேச்சை அவளும் எடுக்கவில்லை, இவர்களும் எடுக்கவில்லை.

சருகக்கா பெரும்பாலும் உள்ளே இருப்பதில்லை. வெளியே பழைய டயர் ஒன்றில் உட்கார்ந்து, இறங்கி வருபவர்களின் முகத்தைப் பார்ப்பாள். வெயிலில் கண் கூச இறங்கி, ஒரு நிமிஷம் தரையைப் பார்ப்பார்கள். முதல் இரண்டு அடியை மெதுவாக எடுத்து வைப்பார்கள், அடியில் யாரோ தூங்குவதுபோல. எல்லோரும் அப்படி இல்லை. இதில் என்ன இருக்கிறது என்று உதட்டைப் பிதுக்கிப் போனவர்களும் உண்டு. அவர்களையும் அவள் அதே ஆர்வத்தோடுதான் பார்த்தாள்.

ஏலம் வந்தே விட்டது. இரும்புக்காக வண்டி எடுக்கும் வியாபாரி ஒருவர் எடுத்தார். காலி பண்ண அவகாசம் கொடுத்தார்கள். மெக்கானிக்குகள் தாங்களாகவே வந்து சீட்டுகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஜன்னல்களைக் காப்பாற்ற முடியவில்லை, கண்ணாடியோடு ஒட்டியவை கண்ணாடியோடுதான் போகும். கண்டக்டர் ஒரு மூலையில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அழுவாள் என்று நினைத்து மகள் பக்கத்திலேயே நின்றாள். சருகக்காவுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் ஏற்கனவே ஒரு தடவை பிடுங்கி நட்டுப் பார்த்தவள் அவள். முதலில் செய்ததைவிட இரண்டாவது நன்றாக வந்ததும் அவளுக்குத் தெரியும். இழுவை வண்டி பஸ்ஸை இழுத்துப் போனபோது, ஜன்னல்களில் எறும்புப் பாதையும் கூழாங்கல்லும் நீரோட்டமும் வரிசையாக வெயிலில் நகர்ந்து போவதை நின்று பார்த்தாள்.

"பகல்ல இப்படி ஓடும்போது இன்னும் நல்லா இருக்கே" என்றாள். "இது நமக்குத் தோணாமப் போச்சே."

கீழ்வாசியை டிரைவர்கள் ஓய்வறைக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அதன்மேல் யார் தலை வைத்துப் படுப்பது என்று அங்கே தினமும் தகராறு என்று புருஷன் சொல்கிறார்.

மகளுக்குக் கண் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பில் வேலை கிடைத்தது. அவள் அறையில் இப்போது ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கிறது. சுவரில் உள்ள பசைத் தடங்களின்மேல் சுண்ணாம்பு அடிக்க அவள் விடவில்லை. மாப்பிள்ளை வீட்டு விவகாரம் வக்கீல் கையில் இருக்கிறது, இழுத்துக்கொண்டுதான் போகிறது. சில நாள் அவள் பேசமாட்டாள். அப்போது தாய் துருவித் துருவிக் கேட்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது தைத்துக்கொண்டிருப்பாள்.

போன மாதம் மேனேஜர் புருஷனைக் கூப்பிட்டு, "இன்னொரு வண்டி கழியுது. உங்க வீட்டுல கேட்டுச் சொல்லுங்க" என்றாராம். அந்த ஞாயிற்றுக்கிழமையே தாயும் மகளும் அளவெடுக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு போனார்கள். இந்த வண்டி கொஞ்சம் குட்டை, ஜன்னல் பெரிசு. சருகக்கா பின்சீட்டில் ஏறி நின்று கூரையைத் தட்டிப் பார்த்தாள்.

"இந்தத் தடவ மேகத்துக்குள்ள போலாம்."

"மேகத்துல என்னம்மா இருக்கு? வெறும் வெள்ளை."

"நீ உள்ள போய்ப் பாத்தியா?"

"நீ பாத்தியா?"

"அதான் சொல்றேன்" என்றாள் தாய். "அந்த டேப்போட நுனியப் பிடி."